கேட்டால் சொல்கிறேன்: அடுப்பு பழுதுபார்ப்பவரின் பதில்கள்

கேள்வி: மேடையில் பதித்த கண்ணாடி ஹாப் அடுப்பை நன்றாகக் கழுவினேன். மறுநாளிலிருந்து ஒரு பர்னர் பற்றுகிறது, குமிழை விட்டதும் அணைந்துவிடுகிறது. தொடாமலே டிக் டிக் என்று சத்தம் வேறு. வால்வை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கழுவிய மறுநாள் வந்த கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான். டிக் டிக் சத்தம், குமிழுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சில் ஈரம் இறங்கியதால் வருவது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அல்லது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

இனி அணைவதற்கு வருவோம். பர்னரை ஒட்டி இரண்டு முனைகள் தெரியும். வெள்ளைப் பீங்கான் உறை போட்டது பொறி விடும். மற்றது, வெறும் உலோகக் குச்சி, தெர்மோகப்பிள். அது தீயில் சூடானால் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்கு மின்சாரம் பிறக்கும். அந்தத் துளி மின்சாரம்தான் உள்ளே காந்தத்தைப் பிடித்து வால்வைத் திறந்து வைக்கிறது. காற்றடித்து அடுப்பு அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் விடும், கேஸ் தானாக நின்றுவிடும். குச்சியின் நுனியில் கரியோ சோப்புப் படலமோ படிந்தால் சூடு ஏறாது. ஆறிய அடுப்பில் நுனியை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், வளைத்துவிடாதீர்கள். பற்றவைத்தபின் குமிழை அழுத்தியபடி சில விநாடி பிடித்திருங்கள். பர்னர் மூடி அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது சாய்ந்திருந்தால் தீ குச்சியின்மேல் சரியாகப் படாமல் போகலாம். இத்தனைக்கும் பிறகு அணைந்தால் அப்புறம் ஆளைக் கூப்பிடலாம்.

கேள்வி: தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தின் அடி கரியாகிறது. சிலிண்டர் தீரப்போகிறதா?

பதில்: எந்த மஞ்சள் என்று பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்த பர்னரில் நீலத் தீக்குள் ஆரஞ்சுப் பொறிகள் பறக்கும். அது உப்பிலிருக்கும் சோடியத்தின் நிறம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆனால் தீயின் நுனி நீண்டு, சோம்பலாக ஆடி, மஞ்சளாக எரிந்து கரி படிந்தால் காற்று போதவில்லை. இதில் கார்பன் மோனாக்சைடும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஜெட்டிலிருந்து, அதாவது கேஸ் வெளிவரும் சின்னத் துளை போட்ட முனையிலிருந்து, சீறும் கேஸ் ஒரு குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டுதான் பர்னருக்குப் போகிறது. அந்தக் குழாயில் தூசியோ பூச்சிக்கூடோ இருந்தால் காற்று குறையும். கழுவிய பர்னரை ஈரத்தோடு மாட்டினாலும் இதே கதைதான்.

பர்னர் துளையை ஊசியால் குத்தலாம். பல் குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்து மாட்டிக்கொள்ளும். ஜெட்டை மட்டும் எதனாலும் குத்தாதீர்கள். அந்தத் துளை அளந்து போட்டது. சிலிண்டர் கேஸுக்கும் குழாய் கேஸுக்கும் அதன் அளவே வேறு.

கேள்வி: சோடா மாவும் வினிகரும் சேர்த்து ஊற்றினால் கறை போகுமா?

பதில்: நுரைப்பது பார்க்க அழகுதான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, கடைசியில் உப்புக் கரைசல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். தனித்தனியாகப் போட்டால் வேலை நடக்கும். பித்தளை பர்னரின் கறுப்புக்கு வினிகர், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா மாவு. அலுமினியப் பாகங்களைச் சோடாவில் ஊறவைத்தால் கறுத்துவிடும், அவற்றுக்குப் பாத்திர சோப்பும் வெந்நீரும் போதும். கண்ணாடி முழுதாக ஆறும்வரை ஈரத்துணி படக்கூடாது, சூட்டில் குளிர்நீர் பட்டால் வெடிக்கலாம். இரும்பு நாரும் வேண்டாம்.

கேள்வி: கேஸ் வாசனை லேசாக வந்தால்?

பதில்: குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாசனை போனபிறகு இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடம் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.