திரும்பச் சொல்லும் பயிற்சி தேவையா?

கேள்வி: மொழி வகுப்பில் மாணவர்களை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்கிறார்களே, அதைக் கைவிட்டுவிடலாமா?

பதில்: கைவிட வேண்டாம்; அளவறிந்து பயன்படுத்துங்கள். மொழி பழக்கத்தால் படிவது என்ற நம்பிக்கையில் 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்ற கேட்டல்-பேசுதல் முறை, இப்பயிற்சியையே அடித்தளமாகக் கொண்டிருந்தது. முன்பு கேட்டிராத வாக்கியங்களையும் மனிதர்கள் உருவாக்குவதைப் பழக்கம் மட்டும் விளக்காது என்று மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி போன்றோர் மறுத்தபின், அம்முறையின் பிடி தளர்ந்தது.

ஆயினும் நாவுக்குப் பழக்கம் வேண்டும். வலி, வளி, வழி ஆகிய மூன்றையும் புதிதாகத் தமிழ் கற்பவர் முதலில் காதால் பிரித்தறிந்து, பிறகு பலமுறை ஒலித்துப் பார்க்காமல் அந்த வேறுபாடு கைவராது. இலக்கணத்திலோ, சொல்லை மாற்றினால் வினையும் மாறும்படி பயிற்சியை அமைக்க வேண்டும். “நான் நேற்று வந்தேன்” என்பதில் ‘நாளை’ என்று கொடுத்தால் “நான் நாளை வருவேன்” என்றும், அடுத்து ‘அவள்’ என்றால் “அவள் நாளை வருவாள்” என்றும் மாணவர் சிந்தித்தே சொல்லியாக வேண்டும். பொருள் புரியாமலே சரியாகச் சொல்லிவிட முடிகிற பயிற்சி, என் கருத்தில், நேர விரயம். ஐந்து நிமிடங்களில் நிறுத்திவிட்டு, “நாளை நீங்கள் எங்கே போவீர்கள்?” என்று உண்மையாகவே கேளுங்கள், சில நாட்கள் இடைவெளி விட்டு அதே அமைப்புக்குத் திரும்புங்கள்.