‘ஆம்’ போட்டால் என் கடைக்கு ஆபத்தா?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். எல்எல்சியாக, அதாவது உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்புள்ள நிறுவனமாக, பதிவு செய்தது. ஏப்ரல் தேர்தலில் எங்கள் ஊர் வாக்குச்சீட்டில் ஒரு ஆலோசனைக் கேள்வி வருகிறது: ‘அரசியல் சட்ட உரிமைகள் மனிதர்களுக்கே, நிறுவனங்களுக்கு இல்லை, பணம் பேச்சு ஆகாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டுமா?’ ‘ஆம்’ போட்டால் எங்கள் எல்எல்சிக்குச் சிக்கல் வருமா? இந்த ஓட்டால் ஏதாவது மாறுமா?

பதில்: இந்த ஓட்டால் கடைக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் எல்எல்சி வங்கிக் கணக்கு வைத்திருப்பது, வாடகை ஒப்பந்தம் போடுவது, வழக்குத் தொடுப்பது எல்லாம் மாநிலச் சட்டம் கொடுத்த வசதிகள். வாக்குச்சீட்டில் இருப்பது வேறு சங்கதி: பேச்சுரிமை போன்ற அரசியல் சட்ட உரிமைகள் நிறுவனத்துக்கும் உண்டா என்பது.

நிறுவனங்களுக்கும் அந்த உரிமைகள் உண்டு என்ற வழக்கம் பழையது. 1886-இல் ஒரு ரயில் கம்பெனியின் வரி வழக்கில், எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்னும் அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்தின் பாதுகாப்பு கம்பெனிகளுக்கும் உண்டு என்று தலைமை நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதை, தீர்ப்புகளைத் தொகுத்தவர் முன்குறிப்பில் சேர்த்தார். தீர்ப்பின் உள்ளே அது இல்லை! ஆனாலும் அது நிலைத்துவிட்டது.

இன்றைய கோபத்துக்குக் காரணம் 2010 ஜனவரியில் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செய்யும் பிரசாரச் செலவுக்கு நிறுவனங்களையும் தொழிற்சங்கங்களையும் தடுக்கக் கூடாது என்று 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பலரும் நினைப்பதுபோல கம்பெனி நேரடியாக வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம் என்று அது சொல்லவில்லை. மத்தியத் தேர்தல்களில் 1907 முதல் இருக்கும் அந்தத் தடை இன்னும் இருக்கிறது. இன்னொன்று: அந்தத் தீர்ப்பு ‘கம்பெனியும் ஒரு நபர்’ என்பதைவிட, பேசுபவர் யார் என்று பார்த்துப் பேச்சைத் தடுக்கக் கூடாது என்பதில்தான் நிற்கிறது. ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால், தேர்தல் செலவைக் கட்டுப்படுத்த ‘பணம் பேச்சு ஆகாது’ என்ற இரண்டாம் பாதிதான் முக்கியம். ‘உரிமைகள் மனிதர்களுக்கே’ என்ற முதல் பாதி கொஞ்சம் அகலமான வலை. பத்திரிகை நடத்துவதும் கம்பெனிதான், தர்ம ஸ்தாபனமும் பெரும்பாலும் கம்பெனியாகவே பதிவானது. நாளை அப்படியே ஒரு திருத்தம் வந்தால், அரசு சும்மா வந்து உங்கள் கடையைச் சோதனை போட முடியாது என்ற பாதுகாப்பும் வாதத்துக்குள் இழுக்கப்படலாம்.

சரி, ஓட்டால் என்ன மாறும்? சட்டப்படி எதுவும் இல்லை. ஊர் கவுன்சிலோ, கவுண்டி (மாவட்டம் மாதிரி) போர்டோ தீர்மானம் போட்டு மக்களின் கருத்தைக் கேட்கிறது, அவ்வளவே. ஏப்ரல் 2011-இல் மேடிசன் நகரத்தில் 84 சதவீதம், அதைச் சுற்றியுள்ள டேன் கவுண்டியில் 78 சதவீதம் ‘ஆம்’ விழுந்தது. அதற்குப் பிறகு விஸ்கான்சினில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இதே வழியில் போயின. கலிஃபோர்னியாவில் இப்படிக் கருத்துக் கேட்கலாமா என்பதே வழக்காகி, 2014-இல் வாக்குச்சீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 2016-இல் நீதிமன்றம் அனுமதித்த பிறகு மறுபடி வந்து ஜெயித்தது.

திருத்தம் வர வேண்டுமானால் பொதுவான வழி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 38 மாநிலங்களின் ஒப்புதல். 2014 செப்டம்பரில் செலவுக் கட்டுப்பாட்டுக்கான ஒரு திருத்தம் செனட்டுக்கு வந்தபோது 54-42. விவாதத்தை முடிக்கத் தேவையான 60 கூடக் கிடைக்கவில்லை. அந்த வாசகம் தேர்தல் பணத்தைப் பற்றியது, நிறுவனங்களின் எல்லா அரசியல் சட்ட உரிமைகளையும் நீக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆக, உங்கள் ஓட்டு பிரதிநிதிக்கு ஊர் சேர்ந்து எழுதும் கடிதம் மாதிரி. அவர் அதைப் படிக்கிறாரா என்பது, முடிவு வந்த பிறகு யாராவது அவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதைப் பொறுத்தது.

மைவோட் விஸ்கான்சின் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் மாதிரி வாக்குச்சீட்டு வரும். கேள்வியின் முழு வாசகத்தையும் அங்கே படித்துவிட்டுப் போங்கள். நீங்கள் குடியுரிமை பெற்றவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். கிரீன் கார்டு மட்டும் என்றால், ‘ஆலோசனைக் கேள்விதானே’ என்று வரிசையில் போய் நின்றுவிட வேண்டாம், அதுவும் ஓட்டுதான். முதல் பாதி பிடித்து இரண்டாவது பிடிக்காமல், அல்லது மாறி, மனம் தடுமாறினால் அந்தக் கேள்வியை மட்டும் காலியாக விடலாம். மற்ற ஓட்டுகள் செல்லும்.