இலவச மாதமும் பத்து நிமிடக் கொத்தமல்லியும்

கே: ஒரு மாதம் இலவசம் என்ற ஆப், இப்போது மாதாமாதம் கணக்கில் 299 ரூபாய் எடுக்கிறது. ஆப்பை அழித்தும் நிற்கவில்லையே?
– வாசகி, திண்டுக்கல்

ப: ஆப்பை அழித்தால் போனில் இடம்தான் மிச்சம். சேரும்போது கொடுத்த ஆட்டோபே அனுமதி, அதாவது மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி, அப்படியே இருக்கும், எந்த யுபிஐ ஆப்பில் கொடுத்தீர்களோ அதில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த எஸ்எம்எஸ் விளம்பரக் குப்பைக்குள் கிடக்கும், யார் பார்க்கிறார்கள்? சேர ஒரே தட்டு, விலக நாலைந்து திரை. இது வேண்டுமென்றே செய்கிற ஏமாற்று வேலை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 'டார்க் பேட்டர்ன்' (ஆப், இணையதளங்களில் வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்பு) வகைகளில் இந்தச் சந்தா வலையும் உண்டு. பிறகும் பணம் போனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் கொடுங்கள்.

கே: பத்து நிமிடத்தில் மளிகை வீட்டுக்கே வருவது வசதிதானே?
– வாசகர், தாம்பரம்

ப: வசதிதான், சரி. பில்லைக் கடைசி வரி வரை படித்தீர்களா? கையாளும் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம். தெருமுனைக் கடையில் கொசுறாகக் கிடைக்கிற கொத்தமல்லிக்காக ஒரு பையன் சிக்னலைத் தாண்டி வண்டியை விரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.