கனமான ஊசல் மெதுவாக ஆடுமா?

எட்டாவது படிக்கும் மகன் வீட்டில் ஊசல் கட்டிப் பார்த்ததில் எடை கூடினால் மெதுவாக ஆடுகிறது என்று வந்திருக்கிறது. புத்தகமோ எடைக்கும் அலைவு நேரத்துக்கும் (ஒருமுறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) தொடர்பில்லை என்கிறது. எதை எழுதச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு வேண்டுகோள்: அவன் எடுத்த எண்களை அழிக்கச் சொல்லாதீர்கள்.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பிலும் இதே விடை வந்தது. ஆணியில் 40 செ.மீ. நூல். ஒரு மாணவி அதன் நுனியில் முதலில் ஒரு நட்டைக் கட்டி ஆட்டினாள். 20 அலைவுக்கு 25.7 நொடி. நட்டைக் கழற்றிவிட்டுப் பூட்டைக் கட்டினாள், 26.6 நொடி. மூன்று தடவை எடுத்தும் அந்த ஒரு நொடி போகவே இல்லை. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று ரப்பரைக் கையில் எடுத்துவிட்டாள். நான் தடுத்தேன். அவள் கடிகாரம் பார்த்ததில் தப்பே இல்லை.

நூல் மாறவில்லை, ஊசலின் நீளம் மாறிவிட்டது. ஆணியிலிருந்து, நூலில் தொங்கும் குண்டின் நடுப்பகுதி வரை இருப்பதுதான் ஊசலின் நீளம். நட்டின் நடு, முடிச்சுக்கு 1 செ.மீ. கீழே இருந்தது, பூட்டின் நடு 4 செ.மீ. கீழே. அதாவது 41 செ.மீ. ஊசலையும் 44 செ.மீ. ஊசலையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நூலை 3 செ.மீ. சுருக்கிக் கட்டியதும் பூட்டும் நட்டின் நேரத்துக்கே வந்துவிட்டது. உங்கள் பையனும் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருப்பான். நட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்திருந்தாலும் இதே கதைதான். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள்.

எடை ஏன் கணக்கில் வருவதில்லை? கனமான குண்டைப் பூமி கூடுதலாக இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அதை அசைக்கவும் அதே அளவு கூடுதல் விசை வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன.

எண்ணும்போது இன்னொரு தப்பு நடக்கும். கடிகாரத்தை அமுக்கும்போதே 'ஒன்று' என்று தொடங்கினால் 19 அலைவுதான் கிடைக்கும். 'பூஜ்யம்' என்று தொடங்க வேண்டும். அதுவும் ஓரத்தில் இல்லை, நடுவில் கடக்கும்போது. ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

வீச்சு, அதாவது ஊசலை எவ்வளவு சாய்த்து விடுகிறோம் என்ற விஷயத்தில் பள்ளியில் பாதிதான் சொல்கிறோம். 10 பாகை சாய்த்து விட்டால் நேரம் 0.2 சதவீதம்கூடக் கூடாது, நம் கட்டைவிரலுக்கு அது தெரியாது. 60 பாகையில் விட்டால் 7 சதவீதம் கூடிவிடும். "வீச்சைப் பொறுத்ததல்ல" என்பது சிறிய வீச்சுக்கு மட்டும்தான் பொருந்தும். இதைப் பிள்ளைகளிடம் மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மிச்சம் இருப்பது ஈர்ப்பு. அதை வீட்டில் மாற்ற வழியில்லை. 1672-ல் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, அங்கே தன் ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டு ஊசலைச் சற்றுக் குட்டையாக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு என்பதை அந்தக் கடிகாரம் காட்டிக்கொடுத்தது. நம் சென்னையிலும் 1821-ல் வானாய்வகத்தில் வானியலாளர் கோல்டிங்காம் ஈர்ப்பை அறியவே ஊசலை ஆட்டி அளந்திருக்கிறார்.

பையனிடம் அடுத்து நீளத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 25 செ.மீ., 50 செ.மீ., 1 மீட்டர், மூன்றும் குண்டின் நடுவரை அளந்தது. 25-க்கு ஓர் அலைவு கிட்டத்தட்ட 1 நொடி. 50-க்கு 2 நொடி வரும் என்று அவன் எதிர்பார்ப்பான்; 1.4-தான் வரும். 2 நொடிக்கு ஒரு மீட்டர் நீளம் வேண்டும். நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும் என்பதை, ஏன் என்று அவனே கேட்கும்வரை சொல்லிவிடாதீர்கள்.