நிலைக்காலில் ஏறிய மண்கோடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கறையானைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது மாமனார் காலத்து ஓட்டு வீடு. தார்சா என்கிற முன்கூடத்தை அடுத்த அறையின் நிலைக்காலில் மண்கோடு ஒன்று ஏறியிருந்தது. துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவினோம். இருபது நாளில் நிலையின் மறுபக்கத்தில் அதே போல் ஒரு கோடு வந்துவிட்டது. மேலே கூரையைத் தாங்கும் பனங்கை வரை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நிலையையே மாற்றிவிட வேண்டுமா? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நிலையை மாற்றுவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நீங்கள் துடைத்தெடுத்தது கறையானை அல்ல, அது நடந்து வரும் வழியை. நம் பக்கத்து வீடுகளைப் பெரும்பாலும் அரிப்பது மண்ணில் கூடு கட்டும் கறையான். அதன் உடம்பு மிக மெல்லியது, வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்துவிடும். ஆகவேதான் அது மண்ணையும் தன் உமிழ்நீரையும் கழிவையும் குழைத்துப் பென்சில் பருமனில் ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே மரத்துக்கு வந்து, திரும்ப மண்ணுக்குப் போகிறது. அரசியும் முட்டைகளும் கூட்டத்தின் பெரும்பகுதியும் தரைக்கு அடியில், சில வேளைகளில் வீட்டுக்கு வெளியே தென்னை மூட்டுக்கருகிலோ பழைய விறகுக் குவியலின் அடியிலோ இருக்கும். மண்ணெண்ணெய் பட்ட இடத்தில் இருந்தவை செத்திருக்கும், வாசனை போகும் வரை மற்றவை அந்தப் பக்கம் வந்திருக்காது, பிறகு வேறு வழி கண்டிருக்கும். அடுக்களைக்குப் பக்கத்து மரத்தில் மண்ணெண்ணெய் தடவுவது தீக்கு அழைப்பு வைப்பது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது பார்ப்பது. பகலிலேயே ஒரு டார்ச்சை எடுத்து, வெளிச்சத்தைச் சுவருக்கு நேராகக் காட்டாமல் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்தாற்போல் காட்டுங்கள். சுண்ணாம்பின் மேல் மெல்லிய நரம்பு போலப் புடைத்த கோடுகளும் வண்ணப்பூச்சு உப்பிய இடங்களும் அப்போதுதான் நிழல் விழுந்து தெரியும். அடுத்து, திருப்புளியின் பிடியால் நிலைக்காலைத் தரையிலிருந்து மேலே ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று ஒலிக்கும், உள்ளே தின்னப்பட்ட மரம் காலிப் பெட்டியைத் தட்டியது போலப் ‘பொத்’ என்று ஒலிக்கும். பொத்தென்ற இடத்தில் திருப்புளி முனையை மெல்ல அழுத்துங்கள். மேல்தோல் காகிதம் போல் உள்ளே இறங்கி, மண் அப்பிய அடுக்கடுக்கான பள்ளங்கள் தெரிந்தால் அதுவே அது. கறையான் மரத்தின் மென்மையான வரிகளைத் தின்று கடினமான வரிகளை விட்டுவைப்பதால், உள்ளே புத்தகத் தாள்களைப் போல ஏடு ஏடாக நிற்கும். பெரும்பாலும் இந்தச் சேதம் தரையிலிருந்து முதல் ஒரு முழத்திலேயே கடுமையாக இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. புதிதாக வந்திருக்கும் கோட்டை முழுவதும் துடைக்காமல், நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈரமண்ணால் அந்த இடைவெளி அடைக்கப்பட்டிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. அடைக்கப்படவில்லை என்பதாலேயே போய்விட்டன என்று முடிவு செய்துவிடக் கூடாது. வேறு தடம் போட்டிருக்கலாம்.

பனங்கையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சேறு வைத்துக் கட்டிய பழைய சுவர்களில் கறையான் வெளியே தெரியாமல் சுவரின் வயிற்றுக்குள்ளேயே ஏறி, பனங்கையும் உத்திரமும் சுவருக்குள் செருகியிருக்கும் முனையில் போய் இறங்கும். வயிரம் பாய்ந்த பனையின் கறுத்த வெளிப்பகுதியை அது எளிதில் தொடாது, நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதியைத்தான் தின்னும். அதனால் வெளியே கல் போல் நிற்கும் பனங்கை உள்ளே குழாயாகிவிட்டிருக்கும். ஏணி வைத்து ஏறி, சுவர் ஓரத்தில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். ஒழுக்கு இருக்கும் இடத்தில் கறையானுக்குத் தண்ணீருக்காக மண்ணுக்கு இறங்கும் வேலையே மிச்சம். ஓட்டை மாற்றுவது மருந்துக்கு முன்பே நடக்க வேண்டிய காரியம்.

மருந்து அடிப்பது மரத்துக்கு அல்ல, மண்ணுக்கு. கட்டி முடித்த வீடுகளுக்கான முறையை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி சொல்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலையில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, மருந்துக் கரைசலை உள்ளே செலுத்தி, துளையைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். வெளிப்பக்கம் சுவரை ஒட்டி ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி ஊற்ற வேண்டும். நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தில் சாய்வாகத் துளையிட்டுத் தனியாகச் செலுத்த வேண்டும். இதெல்லாம் முடிந்து இரண்டு மாதம் பொறுத்து, தட்டிப் பார்த்து, அடிப்பகுதி மட்டும் போயிருந்தால் ஆசாரியிடம் சொல்லி அதை அறுத்தெடுத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது காலுக்கு அடியில் ஒரு கருங்கல் துண்டை வைத்துவிடுங்கள். பழைய வீடுகளில் கல் வாசற்படியின் மேல் நிலையை நிறுத்தியவர்கள் அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. சுவருக்குள் போகும் மர முனைகளுக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசும் வழக்கமும் உண்டு. அது நல்ல காப்புதான், ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் என்பதால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே, வயலாக இருந்த மனையில் 1,000 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். அஸ்திவாரத்திலேயே கறையான் மருந்து அடிக்க வேண்டும் என்கிறார் பொறியாளர். கான்கிரீட் வீட்டுக்கு எதற்கு என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பொறியாளர் சொல்வதை. கறையான் கான்கிரீட்டைத் தின்னாது என்பது உண்மை, ஆனால் கான்கிரீட்டில் விழும் மயிரிழை வெடிப்பும் தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து வரும் இடமும் அதற்குப் போதுமான கதவு. வீட்டுக்குள் போனால் நிலை, பிளைவுட் அலமாரி, கட்டில் எல்லாம் காத்திருக்கின்றன.

முன்பு சொன்ன ஐ.எஸ். 6313 விதியின் இரண்டாம் பகுதி புதுக் கட்டடத்துக்கானது. அஸ்திவாரத்துக்காக வானம் தோண்டிய குழியின் அடியிலும் பக்கங்களிலும், பிறகு வீட்டுத் தரையை உயர்த்தும் அடிமேடையான பேஸ்மட்டத்தில் சரள் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கிய பின் கான்கிரீட் போடுவதற்கு முன்பும் மருந்துக் கரைசல் ஊற்றப்பட வேண்டும். பேஸ்மட்டத்தின் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் கணக்கு. உங்கள் 1,000 சதுர அடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர், ஆக அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் 465 லிட்டர் வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தானால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. இந்தக் கணக்கை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானோடு ஒருவர் வந்து, நான்கு முறை நிரப்பி, அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது என்று சொன்னால், தேவையில் ஏழில் ஒரு பங்குதான் மண்ணுக்குப் போயிருக்கிறது. டிரம் எத்தனை காலியானது என்று நின்று எண்ணுங்கள். மழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கும் நாளில் அடிக்க விடாதீர்கள், மருந்து உள்ளே இறங்காமல் ஓடிப்போய்விடும். அடித்த பிறகு அந்த மண்ணைக் கிளறவும் கூடாது. வயரிங் குழாய்க்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ மறுபடி தோண்டினால், தோண்டிய இடத்துக்கு மறுபடியும் மருந்து வேண்டும்.

மருந்தைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சென்ட்ரிங் பலகைத் துண்டு, முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பின் அடிமுனை, சிமெண்ட் மூட்டைக் காகிதம், மனையில் வெட்டிய மரத்தின் வேர் இவற்றையெல்லாம் பேஸ்மட்டத்துக்குள் தள்ளி மூடிவிடுவது நம் ஊர் வேலையிடங்களில் சாதாரணம். அது கறையானுக்குப் பந்தி பரிமாறி, மேலே வீட்டைக் கட்டுவது. மண் நிரப்பும் அன்று கொத்தனாரோடு நீங்களும் நின்று அவற்றைப் பொறுக்கி வெளியே போடுங்கள். எனக்கு இந்தப் புத்தி தாமதமாகத்தான் வந்தது. என் வீட்டுப் பின்சுவரில் நானே பழைய கதவுகளைச் சாத்தி வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து நகர்த்தியபோது கதவில் பாதியும் இல்லை, சுவரில் மண்கோடு ஜன்னல் வரை போயிருந்தது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாகக் கறையானே கிடையாது. இப்போது அடுக்களை அலமாரியின் பின்பக்கம் முழுவதும் மண். வெள்ளத்தில் வந்ததா?

பதில்: வெள்ளத்தோடு மிதந்து வந்து குடியேறியது என்று எண்ணத் தேவையில்லை. வெள்ளம் வழியைத் திறந்துவிட்டிருக்கும். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த அந்த மழைக்குப் பிறகு ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்குள் இருந்த வண்டலை எல்லோரும் வாரிக் கொட்டினார்கள், ஆனால் வெளிச்சுவரோரம் படிந்ததைப் பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். வெளித்தரை பேஸ்மட்டத்துக்கு மேல் ஏறிவிட்டால், கறையான் குழாய் கட்டாமலே சுவருக்குள் நுழையும், வெளியிலிருந்து உங்கள் கண்ணுக்கும் படாது. முதலில் அந்த மண்ணை வெட்டியெடுத்து, பேஸ்மட்டச் சுவர் ஒரு சாணாவது வெளியே தெரியும்படி செய்யுங்கள். நனைந்து உப்பிய பிளைவுட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

வீட்டில் கிணறு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிணற்றுப் பக்கச் சுவரில் மருந்தைச் செலுத்த வேண்டாம் என்று வேலைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோர்பைரிபாஸ் மீன்களுக்குக் கொடிய நஞ்சு, மனிதர் குடிக்கும் தண்ணீரிலும் அது கலக்கக் கூடாது.

கேள்வி: இலவசமாக ஆய்வு செய்கிறோம் என்று வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வீடு முழுவதும் கறையான் என்று சொல்லி, கட்டிலுக்கு அடியில் கொட்டிக் கிடந்த மரத்தூளைக் காட்டினார்கள். உடனே முன்பணம் கேட்கிறார்கள். (தென்காசி)

பதில்: கொடுக்காதீர்கள். மண்ணில் வாழும் கறையான் தூளைக் கொட்டாது, மண்ணைத்தான் அப்பும். மைதா போன்ற நைசான தூளும் கட்டிலில் குண்டூசித் துளைகளும் இருந்தால் அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. கசகசாவைப் போலத் தனித்தனி மணியாக இருந்தால் மண்ணோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையானாக இருக்கலாம். இரண்டுக்கும் அந்தக் கட்டிலுக்குத்தான் வைத்தியம் தேவை, தரையில் துளையிடுவதால் ஒரு பயனும் இல்லை. கொஞ்சம் தூளை வெள்ளைக் காகிதத்தில் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

உண்மையான ஆய்வுக்கு வருபவர் சுவரோரச் சாமானை நகர்த்தச் சொல்வார், ஸ்விட்ச் பெட்டிகளின் ஓரத்தையும் குளியலறைக் கதவின் அடியையும் பார்ப்பார், வெளியே வீட்டைச் சுற்றி நடப்பார். எந்த மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு, எத்தனை துளை என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். முத்திரை பிரிக்காத டப்பாவை உங்கள் கண்முன் திறந்து கலக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கேள்வி: மழை முடிந்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கிறது. வீட்டில் கறையான் இருக்கிறது என்று அர்த்தமா? (வள்ளியூர்)

பதில்: ஈசல் என்பது இறகு முளைத்த கறையான்தான். ஆனால் வெளியே உள்ள புற்றுகளிலிருந்து கிளம்பி விளக்கைத் தேடி ஜன்னல் வழியாக வந்தவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், விளக்கை அணைத்தால் போய்விடும். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தும் அறைக்குள் ஈசல் வந்தால்தான் விசாரிக்க வேண்டும். காலையில் உதிர்ந்த இறகுகளைப் பெருக்கித் தள்ளுவதற்கு முன், அவை எந்த மூலையில் அதிகமாகக் குவிந்திருக்கின்றன, பக்கத்தில் சுவர் வெடிப்போ நிலையின் இடுக்கோ இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.