பதில்: சிறுநீரகம் மாற்றிய அப்பாவுக்குத் தொப்பை, ரத்தக்குழாய் விறைப்பு

தம்பி, காரிமங்கலத்துல இருக்கிற அப்பாவுக்குக் கிட்னி மாத்தினதும் தொப்பை விழுது, கைகால் மெலியுது, ரத்தக்குழாய் விறைப்புன்னும் சொல்றாங்க, ஸ்டீராய்டை நிறுத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, புதுக் கிட்னிக்கே ஆபத்து.

ப்ரெட்னிசோலோன்தான் அந்த ஸ்டீராய்டு; அது பசியைக் கிளப்பும், தசையைக் குறைக்கும், கொழுப்பை வயித்துல சேர்க்கும். அதனால எடை மெஷின் ஏமாத்தும். இடுப்பை டேப்பால அளங்க. நம்ம ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினா டாக்டர்கிட்ட சொல்லணும். விறைப்புல ஒரு பகுதி, கிட்னி கெட்டிருந்த காலத்துலயே குழாயில சுண்ணாம்பு படிஞ்சதா இருக்கலாம். மிச்சத்தை பிரஷரும் சர்க்கரையும் கூட்டும். புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் மருந்து அது ரெண்டையும் ஏத்தக்கூடியது.

களி ஒரு உருண்டை போதும். ஊறுகாய், கருவாடு வேண்டாம். மாம்பழம் (சீசன்ல யார் கேட்கிறாங்க!) பொட்டாசியம் ரிசல்ட் பார்த்துட்டுத்தான். பம்பளிமாஸ் கூடவே கூடாது, டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்துல எகிறிடும். நடையோட, நாற்காலியில உட்கார்ந்து எழுற பயிற்சியும் செய்யலாமான்னு அடுத்த செக்கப்ல கேளுங்க.