தொடர்பியல் படிப்போர் கேள்வி – பதில்

கேள்வி: கேமரா, எடிட்டிங் கற்கும் ஆசையில் இதழியல் – தொடர்பியல் இளங்கலையில் சேர்ந்தேன். முதலாண்டு முழுக்கக் கோட்பாடுகள்தான். பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறேன். தேர்வு முடிந்ததும் மறந்துபோகின்றன. எப்படித்தான் படிப்பது?

பதில்: பெயரையும் ஆண்டையும் மட்டும் பிடித்துக்கொண்டால் மறக்கத்தான் செய்யும். இந்தக் கோட்பாடுகளில் பல, யாரோ எதையோ எண்ணிப் பார்த்ததில் பிறந்தவை. எதை எண்ணினார்கள் என்பதைப் பிடியுங்கள்.

மக்கள் எதை முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதை ஊடகம் தரும் அழுத்தம் தீர்மானிக்கிறது என்னும் நிகழ்ச்சிநிரல் கோட்பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும் சேப்பல் ஹில் ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அந்த ஊருக்கு வந்த நாளிதழ்களும் வார இதழ்களும் தொலைக்காட்சிச் செய்திகளும் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் தந்தன என்று எண்ணினார்கள். மக்கள் சொன்ன முக்கியத்துவ வரிசையும் ஊடகங்கள் தந்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஆய்வு 1972-இல் வெளியானது.

இதோடு நிறுத்தாதீர்கள். ஊடகம் சொன்னதால் மக்கள் கவலைப்பட்டார்களா, மக்கள் கவலைப்பட்டதால் ஊடகம் எழுதியதா? இரண்டையும் ஒரே சமயத்தில் அளந்தால் எது முந்தியது என்று சொல்ல முடியாது. இந்த எதிர்க்கேள்வியை எழுதும் விடைத்தாளுக்குத்தான் மதிப்பெண் கூடும். கோட்பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு விஷயங்களை எழுதுங்கள்: என்ன சந்தேகம், யாரிடம் அளந்தார்கள், என்ன கிடைத்தது, எங்கே இடறுகிறது. மூன்றாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது அந்த நான்காவது வரிதான் கைகொடுக்கும்.

கேள்வி: செய்தி எழுதும் பயிற்சியில் என் முதல் பத்தியை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் அடித்துவிடுகிறார். தகவலில் பிழை இல்லை. பிறகு என்ன குறை?

பதில்: பெரும்பாலும் நடந்த வரிசையில் எழுதியிருப்பீர்கள். "நகர மன்றத்தின் மாதாந்திரக் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குத் தலைவர் தலைமையில் நடைபெற்றது" என்பதில் பிழை இல்லை, ஆனால் செய்தியும் இல்லை. "குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானத்தை நகர மன்றம் செவ்வாயன்று நிராகரித்தது" என்பதுதான் செய்தி. எழுத உட்காருமுன், நடந்ததை நண்பரிடம் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். வாயிலிருந்து முதலில் வருவது அநேகமாக உங்கள் முகப்பு வரியாக இருக்கும். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியை வெட்டுங்கள். பிறகு அதற்கு முந்தையதை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் செய்தி நிற்க வேண்டும். பக்கத்தில் இடம் போதாதபோது அடியிலிருந்துதான் வெட்டுவார்கள்.

கேள்வி: ஒரு நாளிதழின் ஓராண்டுச் செய்திகளை உள்ளடக்கப் பகுப்பாய்வு (செய்திகளை வகைபிரித்து எண்ணும் ஆய்வு) செய்ய வேண்டும். 365 இதழ்களையும் படிக்க முடியாது. எத்தனை போதும்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பலரும் மொத்தமாக ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மாதம் தேர்தலோ வெள்ளமோ வந்தால் முடிவு முழுவதும் சாய்ந்துவிடும். ஏழு நாளுக்கு ஓர் இதழ் என்று எடுத்தால் எப்போதும் ஒரே கிழமைதான் சிக்கும். ஞாயிறு இதழின் உள்ளடக்கம் வேறு, செவ்வாய் இதழின் உள்ளடக்கம் வேறு. அதனால் கட்டமைத்த வாரம் என்ற முறையைப் பின்பற்றுங்கள். ஆண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளையும் சீட்டில் எழுதிக் குலுக்கி இரண்டு எடுங்கள். மற்ற கிழமைகளுக்கும் அப்படியே. 14 இதழ்கள் கிடைக்கும். ஓராண்டு நாளிதழுக்கு இரண்டு கட்டமைத்த வாரங்கள் போதும் என்று 1993-இல் ரைஃப், ஆஸ்ட், லேசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் சோதித்துக் காட்டினார்கள். அரிதாக வரும் பொருளை ஆராய்ந்தால் மட்டும் கூடுதல் இதழ்கள் தேவைப்படும்.

உண்மையான சறுக்கல் வகைப்படுத்துவதில்தான் வரும். 'அரசியல்', 'வளர்ச்சி' என்று இரண்டு வகை வைத்தால், அமைச்சர் பாலம் திறந்த செய்தி எதில் சேரும்? இப்படிப்பட்ட சிக்கல்களுக்கு முன்கூட்டியே விதி எழுதி வையுங்கள். 'மற்றவை' வகை பெருத்துக்கொண்டே போனால் உங்கள் வகைகள் சரியில்லை என்று அர்த்தம்.

பிறகு, தேர்ந்தெடுத்த இதழ்களின் செய்திகளில் பத்தில் ஒரு பங்கையாவது இன்னொருவரும் தனியாக வகைப்படுத்த வேண்டும். இருவரும் 82 விழுக்காடு ஒத்துப்போகிறோம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு வகையில் 90, மற்றதில் 10 விழுக்காடு செய்திகள் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்தாலும் 82 வரும் (0.9 × 0.9 + 0.1 × 0.1). இந்தத் தற்செயலைக் கழித்து ஒத்துப்போதலைக் கணக்கிடும் அளவுதான் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா; முழுதாக ஒத்துப்போனால் 1. அது 0.80-க்கு மேல் இருந்தால் நிம்மதி. இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்யுங்கள். எல்லாவற்றையும் வகைப்படுத்திய பிறகு 0.5 வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் ஆவணப்படத்தில் படம் தெளிவு, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. எடிட்டிங்கில் சரிசெய்யலாமா?

பதில்: ஓரளவுதான். கேமராவில் உள்ள மைக், பேசுபவரின் குரலோடு சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் வாங்கியிருக்கிறது. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோவதுதான் மருந்து: சட்டையில் குத்தும் மைக் என்றால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில். பேச்சின் உச்சம் ஒலி அளவு காட்டும் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். மீட்டரின் உச்ச எல்லையான பூஜ்யத்தை முட்டிச் சிதைந்த ஒலி முழுதாக மீளாது. ஹெட்ஃபோன் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பேட்டி முடிந்ததும் எல்லோரும் 30 விநாடி அசையாமல் இருக்க, அறையின் வெறும் ஒலியையும் பதிவுசெய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த ஒலியைப் பரப்பினால் ஒட்டு தெரியாது.